வரலாறும் சமூக அறிவியலும் படிக்க: இணையத்தில் எங்கே, எப்படித் தேடுவது?

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடத்தில் ஏதாவது ஒரு தலைப்பைத் தமிழில் கூகுளில் தட்டிப் பாருங்கள். முதல் பக்கத்தில் வருபவை பெரும்பாலும் போட்டித் தேர்வுக் குறிப்புகள், ஒரே பத்தியை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துப் போட்ட தளங்கள், அரை மணி நேரக் காணொளிகள். அதே தலைப்புக்கு மூல ஆவணங்களும், வரைபடங்களும், அரசுப் புள்ளிவிவரங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை மேலே வருவதில்லை. பல ஆவணங்கள் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கின்றன. பல வெறும் ஸ்கேன் படங்கள், அவற்றுக்குள் இருக்கும் தமிழைத் தேடுபொறியால் படிக்க முடியாது. இன்னும் பல, அந்தந்தத் தளத்தின் உள்தேடலில் மட்டுமே அகப்படும். எனவே தேடும் முன், அந்த விஷயம் எந்தப் பெயரில் பதிவாகியிருக்கும், எந்த நிறுவனத்திடம் இருக்கும் என்ற இரண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் பாடநூல்

தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் எல்லா வகுப்புக்கும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. பதிவிறக்கும்போது பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் பாடத்திட்டம் மாறியது. அதற்கு முந்தைய புத்தகங்களும் அவற்றின் வினா விடைகளும் இன்னும் பல தளங்களில் தேதியில்லாமல் உலவுகின்றன.

தமிழ்வழி மாணவரும் அதே பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகத்தைச் சேர்த்து இறக்கிக்கொள்ள வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு பெயரும் கலைச்சொல்லும் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்துவிடும். அகராதியைப் புரட்டிச் சொல்லைக் கண்டுபிடித்துத் தேடுவதைவிட இது வேகமான வழி. பாடத்தின் ஓரத்தில் உள்ள கியூஆர் கோடு திக்‌ஷா தளத்துக்குப் போகும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் உள்ளன. பாடம் புரியவில்லை என்றால் இவை போதும். அதற்கு மேல் ஆழமாகப் போக வேண்டும், செயல்திட்டம் செய்ய வேண்டும் என்றால்தான் கீழே சொல்பவை தேவைப்படும்.

ஒரு பாடம், முழுத் தேடல்: பாளையக்காரர் போர்

பத்தாம் வகுப்பில் வரும் பாளையக்காரர் கிளர்ச்சிகளை எடுத்துக்கொள்வோம். கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். 1801 ஜூனில் மருது சகோதரர்கள் திருச்சிராப்பள்ளி அறிக்கையை வெளியிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று, இன்றைய சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். பாடநூல் தரும் சட்டகம் இது. இதற்கு மூலம் தேட வேண்டும்.

‘பாளையக்காரர்’ என்று தேடினால் குறிப்புகள்தான் வரும். அன்றைய ஆங்கில ஆவணங்களில் அவர்கள் ‘பாலிகர்’. மருது ‘முர்டூ’ என்றும், கட்டபொம்மன் இன்று நாம் எழுதும் ‘கே’ எழுத்துக்குப் பதிலாக ‘சி’ எழுத்தில் தொடங்கியும் வருவார்கள். ஊர்ப்பெயர்களும் அப்படித்தான்: திருநெல்வேலி ‘டின்னவெல்லி’, திருச்சி ‘டிரிச்சினோபொலி’, தஞ்சை ‘டாஞ்சூர்’, காஞ்சி ‘கான்ஜீவரம்’, தரங்கம்பாடி ‘டிராங்குபார்’. மதுரைக்கு மட்டும் கடைசி எழுத்து ஒன்று குறையும், ‘மதுரா’ என்று. ஒரே பெயருக்கு மூன்று நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கும். ஒன்றில் எதுவும் வரவில்லை என்றதும் விட்டுவிடாமல் அடுத்ததைப் போடுங்கள்.

இந்தப் பெயர்களோடு இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்துக்குப் போங்கள். அங்கே தேடல் பெட்டியின் கீழ் ‘மெட்டாடேட்டா’, ‘நூலின் உள்ளடக்கம்’ என இரண்டு வகை உண்டு. இயல்பாக இருப்பது முதலாவது. அது நூலின் பெயர், ஆசிரியர் போன்ற பட்டியல் விவரங்களை மட்டுமே தேடும். ‘முர்டூ’ என்பது எந்த நூலின் தலைப்பிலும் இருக்காது என்பதால், உள்ளடக்கத் தேடலுக்கு மாற்றிய பிறகே பலன் தெரியும்.

கிடைக்கும் நூல்களில் மூன்றைக் குறிப்பாகச் சொல்லலாம். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியின் நினைவுக்குறிப்புகள் 1830-இல் வந்தவை. அவர் அந்தப் போரில் நேரில் சண்டையிட்டவர். அதற்கு முன்பு சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டதையும் அதே நூலில் எழுதியிருக்கிறார். நெல்சன் எழுதிய மதுரை நாட்டு வரலாறு 1868-இல் வந்தது, கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881-இல் வந்தது. வெல்ஷ் பார்த்ததை எழுதுகிறார். மற்ற இருவரும் ஆவணங்களையும் கேட்டவற்றையும் வைத்துப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதுகிறார்கள். மூவரும் வென்ற தரப்பில் நின்றவர்கள் அல்லது அதன் ஆட்சியில் இருந்தவர்கள். மாணவரிடம் ஒரே நிகழ்ச்சியை மூன்று நூலிலும் படிக்கச் சொல்லி, எது ஒத்துப்போகிறது, எது ஒருவரிடம் மட்டும் இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். பத்து வினா விடை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு பயிற்சி வரலாற்றை நன்றாகப் புரியவைக்கும்.

அடுத்து இந்திய தேசிய ஆவணக்காப்பகத்தின் அபிலேக் படல் தளம். இங்கே கம்பெனி கால, பிரிட்டிஷ் கால அரசுக் கோப்புகளின் பட்டியலும், ஸ்கேன் செய்யப்பட்ட கோப்புகளும் உள்ளன. இலவசமாகப் பதிவு செய்துகொண்டு ஆங்கிலச் சொற்களில் தேட வேண்டும். பட்டியலில் இருப்பதெல்லாம் ஸ்கேன் ஆகிவிடவில்லை. எனவே ‘டிஜிட்டல் வடிவில் உள்ளவை’ என்று வடிகட்டிக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கோப்புகள் பள்ளி மாணவருக்குக் கடினம். ஒரு பக்கத்தைக் காட்டி நான்கு வரி சேர்ந்து படிக்கலாம், அவ்வளவே. இது மேல்நிலை, கல்லூரி மாணவருக்கான இடம்.

தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். அரிய நூல்கள், இதழ்கள், சுவடிகள், நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஈழத்து வரலாற்றுக்கும் இலங்கைப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கும் நூலகம் தளம்தான் முதல் இடம். 2005-இலிருந்து நூல், பத்திரிகை, பாடசாலை மலர், பிரசுரம் என்று சேர்த்துவருகிறார்கள். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்மொழிப் பாடநூல்களைத் தன் தளத்தில் பிடிஎஃப் ஆகத் தருகிறது.

‘கிஸ்தி’, ‘பேஷ்குஷ்’ போன்ற சொற்கள் குறுக்கிட்டால் டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனைத் தேடிப் பாருங்கள். அதே தளத்தில் இம்பீரியல் கெசட்டியரும் முழுதாக உண்டு. நூறு ஆண்டுக்கு முன் உங்கள் மாவட்டமோ வட்டமோ எப்படி இருந்தது என்பதற்கு அதில் ஒரு பத்தியாவது இருக்கும்.

ஸ்கேன் நூல்களில் எங்கே சிக்கல் வரும்?

ஒரே நூலுக்கு நான்கைந்து ஸ்கேன் இருக்கும். முதலில் கண்ணில் பட்டதை இறக்காதீர்கள். கூகுள் செய்த ஸ்கேன்களில் மடித்து வைத்த வரைபடங்கள் விரிக்கப்படாமலே படமாகியிருக்கும். மதுரை மாவட்ட வரைபடத்தைத் தேடிப் போனால் மடிப்பின் வெள்ளைப் பின்பக்கம்தான் கிடைக்கும். வேறு நூலகம் ஏற்றிய பிரதியைப் பாருங்கள். இந்திய டிஜிட்டல் நூலகத் திட்டத்தில் ஸ்கேன் ஆனவற்றில் பக்கங்கள் விடுபடுவதும், தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் தப்பும் தவறுமாக ஏற்றியிருப்பதும் சாதாரணம். இறக்கியவுடன் முகப்புப் பக்கம், பொருளடக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் திறந்து பாருங்கள். பிடிஎஃப் காட்டும் பக்க எண்ணும் நூலில் அச்சான பக்க எண்ணும் வேறு. குறிப்பில் எழுத வேண்டியது அச்சான எண்.

தமிழ் பிடிஎஃப்பில் இன்னொரு தலைவலி. பக்கத்தில் தமிழ் அழகாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாக வரும். அது யுனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருவிலோ, வேறு குறியீட்டிலோ தட்டச்சானது. அதற்குள் கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடினாலும் எதுவும் கிடைக்காது. ‘இந்தச் சொல் நூலில் இல்லை’ என்று மாணவர்கள் முடிவுகட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

தீர்வு எளிது. தேவையான பக்கத்தை மட்டும் படமாக எடுத்து, கணினி உலாவியில் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும். அதன் மேல் வலது சொடுக்கு செய்து கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்தின் கீழே எழுத்துகள் வந்துவிடும். முழுப் புத்தகத்தையும் ஒரே கோப்பாக ஏற்றாதீர்கள், பாதியில் நின்றுபோகும். செய்தித்தாள் போல இரண்டு செங்குத்துப் பத்தி உள்ள பக்கமாக இருந்தால் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாக வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரிகள் குறுக்கே கலந்துவிடும்.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்குத் தும்பிக்கை போல் வளைந்த வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவமும் இருக்கும். எழுத்துணரி, அதாவது படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் மென்பொருள், இந்த இடங்களில்தான் தடுமாறும். ஆகவே வந்த எழுத்தை மூலப் பக்கத்தோடு ஒருமுறை ஒப்பிட்ட பிறகே பயன்படுத்துங்கள். எண்களில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பழைய நூல்களில் தமிழ் எண்கள் இருக்கும், ௧-ஐ ‘க’ என்றும் ௭-ஐ ‘எ’ என்றும் எழுத்துணரி எழுதிவிடும்.

ஆண்டுக் கணக்கும் இதே கதைதான். பழைய ஆவணத்தில் இருப்பது எந்த ஆண்டுமுறை என்று பார்க்காமல் எடுத்து எழுதினால் நூற்றாண்டே மாறிப்போகும். சக ஆண்டோடு 78 கூட்டுங்கள்: சகம் 1723 என்றால் 1801-02. வருவாய்க் கோப்புகளில் வரும் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கும், அதோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆண்டு வரும்: பசலி 1211 என்பது 1801 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. தென்கோடி மாவட்ட ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும், ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை 824-உம் அதன் பிறகு 825-உம் கூட்ட வேண்டும். வெறும் ‘பிரபவ வருடம்’ என்று மட்டும் இருந்தால் அது 1867-68, 1927-28, 1987-88 எதுவாகவும் இருக்கலாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் பெயர் அது. ஆவணத்தில் வரும் ஆட்களையும் நிகழ்ச்சியையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

மக்கள்தொகையும் வரைபடமும்

மக்கள்தொகைக்கு இந்தியக் கணக்கெடுப்புத் துறையின் தளம் மட்டுமே. 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஆகவே ‘மக்கள்தொகை 2024’ என்று தளங்கள் போடுவதெல்லாம் மதிப்பீடு. தமிழ்நாட்டுக்கு 2011-இன் எண் 7,21,47,030. இதை எழுதும்போது ஆண்டையும் சேர்த்து எழுத வைக்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள் சில. 2011-இல் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு, மயிலாடுதுறை எதுவும் 2011 அட்டவணையில் மாவட்டமாக இருக்காது. தென்காசிக்கு எண் வேண்டுமானால் திருநெல்வேலி மாவட்டத்தின் கீழ் வட்ட வாரியாகப் பார்த்துக் கூட்ட வேண்டும். பாலின விகிதம் (ஆயிரம் ஆண்களுக்கு எத்தனை பெண்கள்) 996 என்பது எல்லா வயதினருக்குமானது, 943 என்பது 0-6 வயதுக் குழந்தைகளுக்கானது. இரண்டையும் மாற்றி எழுதிய குறிப்புகள் ஏராளம். எழுத்தறிவு 80.09 விழுக்காடு என்பது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்துக் கணக்கிட்டது. எழுத்தறிந்தோர் எண்ணிக்கையை மாணவர் மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 72 வரும், பிறகு எது சரி என்று குழம்புவார்.

‘எங்கள் ஊர்’ செயல்திட்டத்துக்கு மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டின் முதல் பகுதியை இறக்குங்கள். ஊர்வாரியாகப் பள்ளி, குடிநீர், மருத்துவ வசதி, பேருந்து, நில அளவு எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகள் தங்கள் ஊரின் வரியைக் கண்டுபிடித்து இன்றைய நிலையோடு ஒப்பிட்டு எழுதலாம். பாடநூலில் மாநிலப் புள்ளிவிவரமாகப் படித்தது சொந்தத் தெருவைப் பற்றியதாக மாறும்போது அவர்கள் காட்டும் ஆர்வமே வேறு.

இந்திய வரைபடம் வேண்டுமானால் இந்திய நில அளவைத் துறையின் தளத்திலிருந்தே எடுங்கள். வெளிநாட்டுத் தளங்களின் படங்களில் ஜம்மு காஷ்மீர் எல்லை வேறு மாதிரி வரையப்பட்டிருக்கும், அதைப் பள்ளிச் சுவரிலும் தேர்வுத் தாளிலும் பயன்படுத்த முடியாது. பதிவு செய்துகொண்டால் 1:50,000 அளவு நிலவரைபடங்களும் அங்கே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். மாறிய நிலத்தைக் காட்ட கூகுள் எர்த்தின் பழைய செயற்கைக்கோள் படங்கள் நல்லவை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை வைத்து ஒரு வகுப்பே நடத்தலாம். அதற்கும் முந்தைய காலத்துக்கு டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் 1950-களின் அமெரிக்க ராணுவ வரைபடத் தொகுதி இந்தியா முழுமைக்கும் 1:2,50,000 அளவில் இலவசமாக உள்ளது. பழைய ரயில் பாதைகளையும் ஏரிகளையும் அதில் தேடலாம்.

குடிமையியல்

இங்கே பிரச்சினை பழைய குறிப்புகள். அடிப்படை உரிமைகள் ஏழு என்று எழுதியிருந்தால் அது 1978-இன் 44-ஆவது திருத்தத்துக்கு முந்தைய கணக்கு. சொத்துரிமை அப்போது 300ஏ பிரிவுக்கு மாற்றப்பட்டது. கல்வி மாநிலப் பட்டியலில் இருப்பதாக எழுதியிருந்தால் அது 1976-இன் 42-ஆவது திருத்தத்துக்கு முந்தையது. 395 பிரிவு, 22 பகுதி, 8 அட்டவணை என்பது அரசியலமைப்பின் தொடக்க நிலை. இன்று அட்டவணைகள் 12. கேள்வி எந்த நிலையைக் கேட்கிறது என்று பாருங்கள். ஒன்றிய அரசின் சட்டமியற்றும் துறைத் தளத்தில் நடப்புப் பதிப்பு உள்ளது, தமிழ் வடிவமும் உண்டு. இரண்டிலும் ‘எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள்’ என்று முன்பக்கத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

அரசியல் நிர்ணய சபை விவாதங்களை நாள்வாரியாகப் படிக்கலாம். 1949 செப்டம்பர் 12 முதல் 14 வரை நடந்த ஆட்சிமொழி விவாதத்தைப் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். தமிழகத்தில் பின்னர் நடந்த மொழிப் போராட்டங்களைப் புரிந்துகொள்ள அந்த மூன்று நாளின் உரைகள் நேரடியாக உதவும்.

நம்பலாமா என்று பார்ப்பது

படங்களில் கடுமையாக இருங்கள். வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது சகோதரர்கள் என்று இணையத்தில் வரும் உருவங்கள் பிற்காலத்தில் கற்பனையாக வரைந்தவை. ‘ஓவியம், பிற்காலக் கற்பனை’ என்று கீழே எழுதிப் பயன்படுத்தலாம். கட்டபொம்மன் கம்பெனியின் கலெக்டர் ஜாக்சனிடம் பேசியதாகச் சுற்றும் வசனங்கள் 1959-இல் வந்த திரைப்படத்தினுடையவை. படம் தமிழர்களுக்குத் தந்த உணர்வு பெரிது, அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தேர்வுத் தாளில் அது சான்றாகாது.

கீழடியும் அப்படியே. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையை எடுத்துப் படித்தால், 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 580 என்று கணிக்கப்பட்டதைக் காணலாம். பகிரப்படும் பதிவுகளில் ஆழமும் இருக்காது, மாதிரியும் இருக்காது, ஆண்டு மட்டும் வளர்ந்துகொண்டே போகும். ‘எந்தக் குழி, எந்த ஆழம், எந்த ஆய்வு’ என்று கேட்கப் பழகிய மாணவருக்கு அறிக்கையைத் திறந்து பார்ப்பது இயல்பாக வரும். கல்வெட்டுக்கும் இதே கேள்விதான். உத்திரமேரூர்க் குடவோலை முறை முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகளில் உள்ளது. ‘சோழர் காலத்தில் எல்லா ஊரிலும் எல்லாரும் வாக்களித்தார்கள்’ என்று எழுதும் தளம் அந்தக் கல்வெட்டைப் படிக்கவே இல்லை. போட்டியிட நிலம், வீடு, வயது, வேதக் கல்வி என்று அதில் நிபந்தனைகள் நீளமாக இருக்கின்றன.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பழைய எழுத்துக்கூட்டல்களைப் பட்டியலிடவும், கடினமான ஆங்கிலப் பத்தியை எளிமையாக்கவும் பயன்படுத்துங்கள். தேதி, எண்ணிக்கை, நூற்பெயர், பக்க எண் ஆகியவற்றை அவற்றிடமிருந்து எடுக்காதீர்கள். இல்லாத நூலை இருப்பது போலவே சொல்லிவிடும்.

ஒரு தளத்துக்குள் மட்டும் தேட: கூகுள் பெட்டியில் ஆங்கில எழுத்தில் ‘சைட்’, ஒட்டியே முக்காற்புள்ளி, ஒட்டியே தளத்தின் முகவரி, பிறகு ஓர் இடைவெளி விட்டுத் தேடுசொல். முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் வேலை செய்யாது. இதே முறையில் ‘ஃபைல்டைப்’ என்று எழுதி பிடிஎஃப் சேர்த்தால் அறிக்கைகள் மட்டும் வரும்.

கிடைத்ததைப் பத்திரப்படுத்துவதையும் அன்றே செய்யுங்கள். அரசுத் தளங்கள் புதுப்பிக்கப்படும்போது முகவரிகள் மாறி, குறித்து வைத்த இணைப்பு ‘பக்கம் இல்லை’ என்று நிற்கும். கோப்பை இறக்கி, ‘ஆண்டு, நிறுவனம், தலைப்பு’ என்ற வரிசையில் பெயரிட்டு வையுங்கள். பக்கத்தின் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒட்டிச் சேமித்தால் அந்தத் தேதியின் பிரதி ஒன்று அங்கே நிற்கும். ஏற்கெனவே செத்துப்போன இணைப்பையும் அதே பெட்டியில் ஒட்டிப் பாருங்கள், வேறு யாராவது முன்பே சேமித்து வைத்திருக்கலாம்.